பாஸ்போர்ட்டுக்கு வைத்த பொட்டு

மூன்று வாரத்துக்கு முன்பு ஒரு பெண்ணின் வேலைக்குக் கிட்டத்தட்ட உலை வைத்துவிட்டேன். பகை இல்லை, பொறாமை இல்லை, கோள் மூட்டவும் இல்லை. ஒரு சிட்டிகை குங்குமம் போதுமானதாக இருந்தது.

எழுதலாமா வேண்டாமா என்று இத்தனை நாள் தள்ளிப்போட்டேன். அடுத்தவர்களின் அசட்டுத்தனங்களை எழுதித்தானே உங்களிடம் பேர் வாங்கியிருக்கிறேன்? இந்த வாரம் அசடு நானேதான். சம்பந்தப்பட்டவளைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன் - "எழுதுங்க ஆன்ட்டி, ஆனா நடந்தத மட்டும் எழுதுங்க" என்று கண்டிஷன் போட்டிருக்கிறாள்.

அவள் பெயர் யசோதரா. யசோ என்று கூப்பிடுவோம். பெங்களூரு அல்சூர்க்காரி. அப்பா ஆட்டோ ஓட்டுகிறார், அம்மா கார்மெண்ட்ஸில் தைக்கிறார். ஐந்து வருடத்துக்கு முன்பு என் வீட்டுக்காரர் பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டபோது, ஆபரேஷனுக்கு அப்புறம் அவரைப் பார்த்துக்கொள்ள எங்கள் மல்லேஸ்வரம் வீட்டுக்கு வந்தாள். நாலு மாதம் இருந்தாள்.

என் வீட்டுக்காரர் நல்ல நாளிலேயே சிடுசிடு. படுக்கையில் கிடந்தால் கேட்க வேண்டுமா? "நடக்க மாட்டேன் போ" என்பார். யசோ பதில் பேச மாட்டாள். வாக்கரைக் கொண்டுவந்து எதிரில் வைத்துவிட்டு அப்படியே நிற்பாள். பத்து நிமிடம் ஆனாலும் நிற்பாள். கடைசியில் இவர்தான் வெட்கப்பட்டுக்கொண்டு எழுந்திருப்பார். இன்று அவர் பதினைந்தாவது கிராஸ் தெரு வரை நடந்துபோய் காபி குடித்துவிட்டு வருகிறார் என்றால் அது அவள் போட்ட பிச்சை.

இவர் தூங்கும்போது காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு ஏதோ முணுமுணுப்பாள். சினிமாப் பாட்டு என்று நினைத்தேன். பார்த்தால்... ஜப்பானிய மொழி!

கேலி செய்தேன். "இந்தப் பொண்ணு ஜப்பான்ல போய் யாருகிட்டப் பேசப் போறா?" என்று இவரிடம் சிரித்தேன். அவள் கிளாஸுக்குப் போனாள், பரீட்சை எழுதினாள், ஒரு தடவை கோட்டை விட்டாள், மறுபடி எழுதினாள். இப்போது ஜப்பானில் ஒரு சின்ன ஊரில், முதியோர் இல்லத்தில் வேலை. அவர்களைக் குளிப்பாட்டி, சாப்பிட வைத்து, நடக்க வைப்பது. அங்கேயும் வாக்கரோடு எதிரில் நிற்பாளாயிருக்கும்.

அவளுக்குக் கிடைத்திருப்பது தற்காலிக வேலை விசா. ஒரு வருடம், ஒரு வருடமாகத்தான் தங்க அனுமதி கொடுப்பார்கள். தேதி முடிவதற்குள் அந்த ஊரில் இருந்துகொண்டு நீட்டிப்புக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். லீவில் இங்கே வந்த சமயம் தேதி தாண்டிவிட்டால் முதலிலிருந்து எல்லாம்... புது விண்ணப்பம், புது விசா, மாதக்கணக்கில் காத்திருப்பு. அதுவரை வேலையைப் பிடித்து வைத்திருப்பார்களா? அவர்களுக்கு என்ன தலையெழுத்தா?

அந்த ஊர் ஏர்போர்ட்டில் கிளம்பும்போது ஒரு சீட்டு கொடுப்பார்களாம். அதில் ஒரு குட்டிக் கட்டம் - 'தற்காலிகமாகப் போகிறேன், திரும்பி வருவேன்' என்று. அதில் டிக் அடித்துவிட்டு வந்தால்தான் பழைய அனுமதியிலேயே திரும்ப உள்ளே விடுவார்கள். நம் வீடுகளில் 'போறேன்' என்று சொன்னால் பெரியவர்கள் திட்டுவார்கள் இல்லையா, 'போயிட்டு வரேன்' என்று சொல்லச் சொல்லி? அதையே ஒரு அரசாங்கம் ஃபார்மில் அச்சடித்து வைத்திருக்கிறது என்று கேட்டபோது எனக்கு அந்த ஊரை ரொம்பப் பிடித்துவிட்டது.

இந்தத் தடவை யசோ தங்கை கல்யாணத்துக்கு வந்திருந்தாள். கல்யாணம் முடிந்த கையோடு அல்சூர் வீட்டுக் கூரையில் வேலை ஆரம்பித்துவிட்டார்கள். பழைய ஷீட்டைக் கழற்றிவிட்டுப் புதுசு. அக்டோபர் மாதம், பெங்களூரு, கூரையில்லாத வீடு... மழை சும்மா இருக்குமா? குடும்பம் பக்கத்துத் தெருவில் சொந்தக்காரர் வீட்டில் ஒண்டிக்கொண்டது. யசோ ஒரு பிளாஸ்டிக் ஃபைலைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தாள்.

"ஆன்ட்டி, இது உங்க பீரோல இருக்கட்டும். அங்க எல்லாம் ஈரம்."

ஃபைலில் பாஸ்போர்ட், டிக்கெட், இன்னும் என்னென்னவோ. பத்திரமான இடம் என்று நம்பிக் கொடுத்தாள். பாவம்!

ஆயுத பூஜை வந்தது. உங்களுக்குத் தெரியும், இந்த ஊரில் ஆயுத பூஜை என்றால் சாதாரணமில்லை. பஸ்ஸுக்கு வாழைக்கன்று கட்டுவார்கள், கிரேனுக்கு மாலை போடுவார்கள், ஏடிஎம் மெஷினுக்குக்கூடப் பொட்டு வைத்துப் பார்த்திருக்கிறேன். நானும் குறைந்தவளா? லேப்டாப், மிக்ஸி, கேஸ் அடுப்பு, இவருடைய வாக்கிங் ஸ்டிக் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். அப்போதுதான் யசோவின் ஞாபகம் வந்தது. அவளுக்கு ஆயுதம் எது? பாஸ்போர்ட்தானே!

எடுத்தேன். அட்டையில் வைத்திருந்தால்கூடத் தப்பித்திருப்பேன். உள்ளே பிரித்தேன். அவள் ஃபோட்டோ. நெற்றி வெறிச்சென்று இருந்தது. மோதிர விரலில் சந்தனத்தைக் குழைத்து, குங்குமத்தைத் தொட்டு, அந்த ஃபோட்டோவின் நெற்றியில் அழகாக ஒரு பொட்டு வைத்தேன். மூடி சாமி முன்னால் வைத்தேன். தீர்த்தமும் தெளித்தேன்.

சாயங்காலம் திறந்து பார்த்தபோது எதிர்ப்பக்கம் முழுக்கச் சிவப்பு. ஃபோட்டோவுக்குக் கீழே கம்ப்யூட்டர் படிப்பதற்காக இரண்டு வரி எழுத்து இருக்கும், அதன்மேலும் ஒழுகியிருந்தது. ஈரத்துணியால் துடைத்தேன். நெற்றியில் இருந்த பொட்டு முகம் முழுக்கப் பரவியது. அதற்குமேல் எனக்கு மூளை வேலை செய்யவில்லை. பஞ்சில் நெயில் பாலிஷ் ரிமூவரை நனைத்துத் தேய்த்தேன். குங்குமம் போயிற்று... மேலே ஒட்டியிருந்த லாமினேஷனும் பாலாடை மாதிரி வெளுத்துப் போயிற்று. யசோ பனிமூட்டத்துக்குள் நின்றுகொண்டிருந்தாள்.

"என்னத்தப் பண்ணி வெச்சிருக்க?" இவர் எட்டிப் பார்த்தார். சொன்னேன். "அவ என்னை நிக்க வெச்சா. நீ அவளை உக்கார வெச்சுட்ட" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

உடனே அவளுக்கு ஃபோன் செய்தேனா? இல்லை. பாஸ்போர்ட்டை ஃபைலில் போட்டு பீரோவில் வைத்துப் பூட்டினேன். மறுநாள் விஜயதசமி முழுக்க அந்தப் பீரோ பக்கமே போகவில்லை. பொட்டு வைத்தது ஒரு நிமிட முட்டாள்தனம். இது முழுநாள் கோழைத்தனம். இரண்டுக்கும் சேர்த்துத்தான் இந்த வாக்குமூலம்.

வெள்ளிக்கிழமை காலை யசோ வந்தாள். அடுத்த நாள் சனிக்கிழமை இல்லை, அதற்கடுத்த சனிக்கிழமை ஃப்ளைட். அதிலிருந்து மூன்று நாளில், செவ்வாய்க்கிழமை, தங்கும் அனுமதி முடிகிறது. ஃபைலை அவள் கையில் கொடுத்துவிட்டு, காபி போடுகிற சாக்கில் அடுப்படிக்குள் போய்விட்டேன். பால் பொங்கி வழிந்தது.

திரும்பி வந்தபோது பாஸ்போர்ட்டை மடியில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகம் வெளிறியிருந்தது. கை லேசாக நடுங்கியது.

அழுதிருந்தால் நானும் அழுதிருப்பேன். கத்தியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். அவள் கைப்பையிலிருந்து பேனாவையும் ஒரு நோட்டையும் எடுத்தாள்.

"ஆன்ட்டி, எத்தன மணிக்கு வெச்சீங்க?"

"என்னது?"

"பொட்டு. எத்தன மணிக்கு? ஈரமா இருந்துச்சா, காஞ்சதா? தொடச்சது எதுல? எவ்ளோ நேரம்?"

போலீஸ் விசாரணை என்று நினைத்துக்கொண்டே சொன்னேன். நெயில் பாலிஷ் ரிமூவர் வரைக்கும் சொன்னேன். எல்லாவற்றையும் எழுதினாள். எழுத எழுத அவள் கை நடுக்கம் நின்றது. அதை என் கண்ணால் பார்த்தேன்.

பிறகு அவளே விளக்கினாள். அவள் வேலை செய்யும் இல்லத்தில் ஒரு ஃபார்ம் உண்டாம். 'ஹியாரி ஹாத்தோ' என்று பெயர். பயத்தில் சில்லிட்டுப் போவது, திடுக்கிடுவது என்று அர்த்தமாம். பெரியவர் ஒருத்தரை நாற்காலியில் உட்கார வைக்கும்போது கை நழுவிவிட்டதா? நழுவப் பார்த்ததா? மாத்திரை மாறிவிட்டதா, மாறப் பார்த்ததா? அன்றைக்கே எழுதிவிட வேண்டும். யார், எப்போது, எப்படி என்று.

"எழுதினா திட்ட மாட்டாங்களா?"

"எழுதலன்னாதான் திட்டுவாங்க ஆன்ட்டி. எழுதினா... எல்லாரும் உக்காந்து அடுத்து என்ன பண்ணலாம்னு பேசுவாங்க. அவ்ளோதான்."

நம் ஆபீஸ்களில் இப்படி ஒரு ஃபார்ம் வைத்தால் எத்தனை பேர் நிரப்புவோம்? பக்கத்து சீட்டுக்காரர் பெயரில் வேண்டுமானால் கட்டுக்கட்டாக நிரப்பிக் கொடுப்போம்!

அடுத்து என்ன பண்ணலாம்? சேதமான பாஸ்போர்ட்டை மாற்ற வேண்டும். அதற்கு, எப்படிச் சேதமானது என்று அஃபிடவிட் எழுதித் தர வேண்டும். டைப்பிங் கடைக்கு ஆட்டோவில் போகும்போது எனக்கு ஒரு யோசனை உதித்தது. யோசனைக்கா பஞ்சம்?

"யசோ, மழைல நனஞ்சுடுச்சுன்னு போட்டுடலாமே. உங்க வீட்ல கூரையே இல்ல. யாரு கேள்வி கேக்கப் போறா?"

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"இந்த பேப்பர நாளைக்கு அங்க இமிக்ரேஷன்லயும் காட்டணும் ஆன்ட்டி. பழைய பாஸ்போர்ட்ட பாத்தா, இது தண்ணியில்லன்னு தெரிஞ்சுடும். இங்க ஒண்ணு, அங்க ஒண்ணு சொல்ல முடியாது. எங்கள மாதிரி ஆளுங்களுக்கு ரெண்டு ஊர்லயும் ஒரே கதைதான் இருக்கணும்."

எங்களை மாதிரி ஆட்கள். அந்த வார்த்தையை யோசித்துக்கொண்டே வந்தேன். நம் ஊரில் எந்த அபார்ட்மென்ட்டைத் தட்டினாலும் ஒரு வீட்டிலாவது இப்படி ஒரு ஆள் உண்டு. அமெரிக்காவோ மஸ்கட்டோ ஜப்பானோ. மூன்று வாரம் லீவில் வருவார்கள். பந்தியில் உட்கார்ந்து பாயசம் சாப்பிடும்போதும் மனசுக்குள் தேதி ஓடிக்கொண்டிருக்கும். 'என்ன, ஃபாரின்காரி ஒட்ட மாட்டேங்கறா' என்று நாம் பேசுவோம். பெயர், தேதி, முத்திரை, கையெழுத்து... ஒரு காகிதம் இன்னொரு காகிதத்தோடு ஒத்துப்போகவில்லை என்றால் வாழ்க்கையே கவுண்டரில் நின்றுவிடும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். நான் ஒரே ஊரில் உட்கார்ந்துகொண்டு ஆளுக்கொரு கதை சொல்லியே காலத்தை ஓட்டிவிட்டேன்.

நடந்ததை நடந்தபடி டைப் செய்தோம். 'குடும்ப நண்பர் ஆயுத பூஜையின்போது புகைப்படத்தில் பொட்டு வைத்ததால்' என்று ஆங்கிலத்தில் அடித்துக்கொண்டிருந்த கடைக்காரர், பாதியில் நிறுத்திவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் தெருவில் போகிற பஸ்ஸைப் பார்த்தேன்.

திங்கட்கிழமை பாஸ்போர்ட் சேவை மையம். தட்கலில் கிடைத்தால் பிழைத்தாள். ஆனால் தட்கலில் கொடுக்க வேண்டுமென்றால் பழைய ஃபோட்டோவில் ஆள் அடையாளம் தெரிய வேண்டுமாம். தெரியவில்லை என்று அதிகாரி சொல்லிவிட்டால் சாதாரண வரிசை, போலீஸ் விசாரணை, வாரக்கணக்கு. செவ்வாய்க்கிழமை தேதியை மறந்துவிட வேண்டியதுதான்.

விண்ணப்பிப்பவர் தவிர யாருக்கும் உள்ளே அனுமதி இல்லை. நான் வெளியே வாசல் பக்கம் நின்றேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. செக்யூரிட்டி வெளியே வந்து, வரிசையில் நின்ற அத்தனை பேரும் கேட்கும்படி கூவினார்.

"குங்குமா இட்ட ஆன்ட்டி யாரு?"

அறுபது தலைகள் திரும்பின. நான் கையைத் தூக்கினேன்.

உள்ளே போனால்... என்ன சொல்வது! ஆயுத பூஜை முடிந்து அஞ்சு நாள்தானே ஆகிறது? கம்ப்யூட்டர் திரையில் பொட்டு. பிரிண்டரில் பொட்டு. ஸ்டேப்ளரில் பொட்டு. அதிகாரி அம்மா உட்கார்ந்திருந்த நாற்காலியின் முதுகிலும் சந்தனமும் குங்குமமும். அந்த ஆபீஸில் பொட்டில்லாத ஒரே ஜீவன் யசோதான்.

இதைச் செய்தது யார் என்று அதிகாரி கன்னடத்தில் கேட்டார். "இது மாடிதவரு யாரு?"

"நானே மேடம்."

"பொட்டு இடோக்கே ஹணெ இல்வா? பாஸ்போர்ட்டே பேக்கா?" பொட்டு வைக்க நெற்றி இல்லையா, பாஸ்போர்ட்தான் கிடைத்ததா என்று கேட்கிறார். நியாயமான கேள்வி.

சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. யசோவை விளக்குக்கு நேராக நிற்கச் சொன்னார். பாஸ்போர்ட்டைத் தூக்கிப் பிடித்து அந்தப் பனிமூட்டத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். யசோ ஆடாமல் அசையாமல் நின்றாள், வாக்கர் எதிரில் நின்ற அதே நிற்பு.

அஃபிடவிட்டை இரண்டாவது முறை படித்தார். "எல்லாரும் தண்ணில விழுந்துச்சுன்னுதான் எழுதுவாங்க" என்று தமிழிலேயே சொன்னார். "நெயில் பாலிஷ் ரிமூவர்னு எழுதினது நீ ஒருத்திதாம்மா. மூக்கு தெரியுது, தாடை தெரியுது, அந்த மச்சம் தெரியுது. ஆய்து, வேலை முடிஞ்சுது, போ."

முத்திரை விழுந்த சத்தம்போல இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. யசோ அவருக்குக் குனிந்து வணக்கம் சொன்னாள், ஜப்பான் பாணியில்.

கதை முடியவில்லை. புது பாஸ்போர்ட் ஸ்பீட் போஸ்ட்டில்தான் வரும். பாஸ்போர்ட்டில் இருக்கிற முகவரிக்குத்தான் வரும், அவள் கையில்தான் கொடுப்பார்கள். முகவரி எது? கூரையில்லாத வீடு. பூட்டிக் கிடக்கிறது என்று தபால்காரர் திருப்பிக்கொண்டு போய்விட்டால்? ஆகவே புதன்கிழமை காலையிலிருந்து யசோ அந்த வீட்டு வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, குடையோடு உட்கார்ந்துவிட்டாள். வியாழக்கிழமை நானும் போய்ப் பக்கத்தில் இன்னொரு நாற்காலியில் உட்கார்ந்தேன். அந்த அளவுக்காவது செய்ய வேண்டாமா?

மேலே ஷீட் அடிக்கிற சத்தம். தூறல் விட்டு விட்டுப் போட்டுக்கொண்டிருந்தது. எதிர்வீட்டிலிருந்து டீ வந்தது. மனசில் அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டேன்.

"எம்மேல கோவம் இல்லையா யசோ?"

"பாஸ்போர்ட் விஷயத்துல இல்ல ஆன்ட்டி. தெரியாம நடந்தது. எழுதிட்டோம், முடிஞ்சுது."

டீயை ஒரு வாய் குடித்தாள்.

"பொட்டு விஷயத்துல இருக்கு. நாலு மாசம் உங்க வீட்ல இருந்தேன். ஒரு நாளாவது என் நெத்தில பொட்டு பாத்திருக்கீங்களா?"

பார்த்ததில்லை. இந்தக் காலத்துப் பெண், ஸ்டைலுக்காக வைப்பதில்லை என்று நானே முடிவு கட்டியிருந்தேன்.

"நாங்க பௌத்தம் ஆன்ட்டி. எங்க தாத்தா காலத்துலேர்ந்து. மறந்துபோய் விட்டதில்ல, யோசிச்சு விட்டது. ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் நீங்க."

குரலை உயர்த்தவில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. அவளுடைய பெயரே யசோதரா, புத்தரின் மனைவி பெயர். அதையும் அஞ்சு வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டுதானே இருக்கிறேன்? நூற்றுக்கணக்கான வாரங்களாக மனிதர்களைக் கவனித்து எழுதுகிறவள் என்று எனக்கு ஒரு கர்வம் உண்டு. அது அந்தத் தெருவில் தூறலோடு போயிற்று.

"தப்பு. மன்னிச்சுக்கோம்மா" என்றேன். வேறு எதுவும் சேர்க்கவில்லை.

"சரி ஆன்ட்டி" என்றாள். அவ்வளவுதான். பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்தினாள்.

பகல் இரண்டு மணிக்குத் தபால்காரர் வந்தார். கூரையில்லாத வீட்டுக்கு முன்னால் குடை பிடித்து உட்கார்ந்திருந்த எங்கள் இரண்டு பேரையும் பார்த்து ஒரு நிமிடம் வண்டியை நிறுத்தவே தயங்கினார். யசோ கையெழுத்துப் போட்டு வாங்கினாள். பிரித்துப் பார்த்தாள். புது ஃபோட்டோ, பளிச்சென்று, அவளுடைய நெற்றியோடு.

சனிக்கிழமை பழைய பாஸ்போர்ட், புது பாஸ்போர்ட், அஃபிடவிட் மூன்றையும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து நான் ஃபோனை வைத்த இடத்தைவிட்டு நகரவில்லை. பகல் சாப்பாட்டு நேரத்துக்கு வாய்ஸ் மெசேஜ் வந்தது.

"உள்ள விட்டுட்டாங்க ஆன்ட்டி. பழைய பாஸ்போர்ட்டப் பாத்துட்டு இமிக்ரேஷன் ஆபீசர் ரொம்ப நேரம் கேட்டாரு. இந்தச் செவப்பு என்ன, யாரு பண்ணாங்கன்னு. எங்க ஊர்ல ஒரு ஆன்ட்டி, எனக்கு நல்லது நடக்கணும்னு வேண்டிக்கிட்டு வெச்சதுன்னு சொன்னேன். அதுவும் நடந்ததுதானே? நாளைக்கே எக்ஸ்டென்ஷனுக்கு எழுதிக் குடுத்துடறேன். அங்கிள நடக்கச் சொல்லுங்க."

அந்த மெசேஜை எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. வேலை போகுமா நிற்குமா என்று தீர்மானிக்கிற கவுண்டர். அங்கே நின்றுகொண்டு எனக்காகப் பேசியிருக்கிறாள்!

என் தப்பை என் முகத்துக்கு நேரே சொன்னாள். என் நல்ல மனசை ஊர்பேர் தெரியாத ஒருத்தரிடம் சொன்னாள். நாம் எல்லோரும் இதை அப்படியே தலைகீழாகத்தானே செய்துகொண்டிருக்கிறோம்?